நகராத கடல்மட்டம்

ஜூன் 3, 2024

ஜங்லிகாட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஸ்ரீதர் போன் செய்தார். "அக்கா, கபாடில, பழைய இரும்புச் சாமானோட ஒரு பழைய மெஷின் வந்திருக்கு. உள்ள ஒரு கார்டுல தமிழ்ல 'கடல்மட்டம்'னு எழுதி ஒட்டியிருக்கு. நீங்க அந்த வேலைதானே பார்த்தீங்க?"

ஓடினேன். என் எழுத்தேதான்! 1991-இல், கடல்மட்டம் அளக்கும் எங்கள் ஆபீசுக்கு வந்த மெஷின். பெரிய கம்பெனி கம்ப்யூட்டரின் நகல். விலை குறைவு, வேகம் இரண்டு மடங்கு. அதற்கு முன்பிருந்த மெஷினின் கார்டைக் கழற்றி இதில் மாட்டினோம். படகுத்துறை ஜெட்டியில் மிதவை ஏறி இறங்குவதை மணிக்கொரு தடவை எண்ணாகச் சொல்லும் கார்டு. மெஷின் மாறியதிலிருந்து ஐந்தாறு மணி நேரத்துக்கு ஒரே எண். கடல் அப்படி நிற்குமா? நான் வேலை நேரத்தில் வீட்டுக்குப் போய்விட்டு எண்களைக் கையால் அடித்ததாக மேலதிகாரி நந்தகுமார் சார் என் ஃபைலில் எழுதினார். ஹேவ்லாக் தீவுக்கு மாற்றல். முப்பத்து மூன்று வருஷம் ஆகிறது. நான் அடிக்கவில்லை. அடிக்கவே இல்லை.

ஜூன் 5

என் வீட்டு அலமாரியில் இருந்த ப்ரோகிராம் ப்ளாப்பியில் பூஞ்சை. ஸ்ரீதர் துடைத்துத் துடைத்துப் போட்டார். மூன்றாவது தடவை ஓடியது!

ஜூன் 6

ஒரு மிதவையைக் கார்டோடு இணைத்து, பக்கெட் தண்ணீரில் வைத்து ஏற்றினேன், இறக்கினேன். திரையில் 112. 112. 112. அதே பொய்! சந்தோஷத்தில் கை தட்டிவிட்டேன் — எனக்கென்ன பைத்தியமா?

முன்பக்கத்தில் வேகத்தைக் கூட்டும் டர்போ பட்டன் எப்போதும் அழுந்தியேதான் இருக்குமா என்று ஸ்ரீதர் கேட்டார். ஆமாம், வேகமான மெஷினை வாங்கிவிட்டு யார் மெதுவாக ஓட்டுவார்கள்? பட்டனை விடுவித்தார். 112. 97. 140.

இவ்வளவுதானா? மெஷின் அவசரமாகக் கேட்டதில் "அள" என்ற கட்டளையே கார்டுக்கு எட்டவில்லை. அது பழைய எண்ணையே திருப்பி நீட்டியிருக்கிறது.

ஜூன் 7

சாருக்கு எண்பது வயது. இப்போது போய்ச் சொல்லி என்ன ஆகப்போகிறது? — போகத்தான் போகிறேன்.

ஜூன் 9

லம்பா லைனில் சார் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். கடையில் அவரே பட்டனை அழுத்தினார், விட்டார், மறுபடி அழுத்தினார். பத்துத் தடவையாவது இருக்கும்.

"அன்னிக்கே இதை ஏன் சொல்லல மரகதம்?"

"மெஷின் மேல சந்தேகமா இருக்குன்னு சொன்னேன் சார். மெஷின் பொய் சொல்லாதுன்னீங்க."

தலையாட்டினார். நாற்காலி கேட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஜூன் 10

தூக்கமில்லை. ஆனால் என்னவோ லேசாக இருக்கிறது.

ஜூன் 20

சார் ஆபீசுக்கு எழுதிய கடிதத்தை அனுப்பும் முன் என்னிடம் கொண்டுவந்தார். என் ஃபைலில் எழுதியது தவறு, மெஷினைச் சோதிக்காமல் எழுதியது தன் குற்றம், அந்தக் குறிப்பை நீக்க வேண்டும் என்று கைப்பட எழுதிய ஒரு பக்கம். இரண்டு முறை படித்தேன். மாற்றல் தேதியை மார்ச் 14 என்று போட்டிருந்தார்.

"பதினாறு, சார்" என்றேன். பேனாவை என்னிடமே கொடுத்தார்.