ரெண்டு மணிப் பக்கம், இருபது அடி

மே 23, 1998, சனி

ஏரித் தண்ணீர் அறுபத்தாறு டிகிரி ஃபாரன்ஹீட். இன்னும் நான்கைந்து நாளில் புளூகில் என்கிற கையகல ஏரிமீன்கள் கரையோரம் ஏறி வந்து முட்டையிடக் குழி பறிக்கும். வெண்டெல் இருந்திருந்தால் இந்நேரம் படகைத் துடைத்து மினுக்கிக்கொண்டிருப்பான். விவாகரத்தில் படகு அவனுக்குப் போயிற்று. என் அப்பா கட்டிய இந்த ஏரிக்கரை வீடு எனக்கு. மிதப்பதற்கு என்று என்னிடம் இருப்பது அப்பாவின் பழைய தட்டைப் படகும் இரண்டு துடுப்பும்.

நல்லதுதான். மோட்டார் சத்தம் கிடையாது.

மே 28

வந்துவிட்டன. வடக்கு மூலையில், நாணல் முடிகிற இடத்தில், மூன்றடி ஆழத்தில் நாற்பது குழி எண்ணினேன். மணலில் தட்டை அழுத்தி எடுத்த மாதிரி வட்ட வட்டமாக. ஒவ்வொரு குழிக்கு மேலும் ஓர் ஆண் மீன். நெஞ்சு துருவேறிய சிவப்பு. வாலால் குழியைக் கூட்டுவதும் பக்கத்து வீட்டானை விரட்டுவதுமாக ஓயாத வேலை. பெண் மீன் முட்டையிட்டதும் தன் வழியே போய்விடும், காவல் முழுக்க ஆணுக்கு. மீன் ஜாதியிலாவது அப்படி இருக்கிறதே.

தூண்டிலை வீசினேன். புழு போய் நாணலில் மாட்டிக்கொண்டது. எழுந்து எடுக்கப் போனேன், என் நிழல் குழிகள் மேல் விழுந்தது, அத்தனையும் ஓடிவிட்டன. ஐம்பத்தேழு வயதில் வீசக்கூடத் தெரியவில்லை.

எப்படித் தெரியும்? இருபத்தேழு வருடம் நான் படகின் முன்னால் நின்றவள். வெளிச்சத்தை வெட்டுகிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் பார்த்துச் சொல்வேன். படகின் மூக்குதான் பன்னிரண்டு மணி. "ரெண்டு மணிப் பக்கம், இருபது அடி, கறுப்பா தெரியுது பாரு, அவன்தான்." பின்னால் உட்கார்ந்து வெண்டெல் வீசுவான். மீன் அவன் கண்ணுக்கு ஒரு நாளும் தெரிந்ததில்லை. தண்ணீர்தான் தெரியும். "நீ பாரு, நான் புடிக்கிறேன்." கல்யாணமான முதல் கோடையில் அவன் போட்ட ஏற்பாடு. நானும் தலையாட்டினேன்.

மே 30

புழு வாங்க ஆர்வில் கடைக்குப் போனேன். சுவரில் பலகை. ஜூன் மாதப் போட்டியில் ஆக நீளமான புளூகில் பிடித்தவர் பெயர், வருடம், அங்குலம். பதினோரு வருடம் வெண்டெல் லுண்ட், வெண்டெல் லுண்ட், வெண்டெல் லுண்ட்.

"வெண்டெல் இந்த வருஷமும் வர்றாராமே? புதுசா ஒருத்தங்களோட." ஆர்வில் புழு டப்பாவை மூடிக்கொண்டே கேட்டார்.

"ஏரி எல்லாருக்கும் பொது. வரட்டும்."

"மனுஷனுக்கு என்ன கண்ணுங்க அது! கழுகுக் கண்ணு."

புழுவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வண்டியில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

ஜூன் 2

புல்வெளியில் கேக் சுடும் தகரத் தட்டைக் குறியாக வைத்துத் தூண்டில் வீசிப் பழகுகிறேன். தொண்ணூறு வீச்சில் பத்து தட்டில் விழுந்தது. முழங்கை எரிகிறது.

ஜூன் 4

தொண்ணூறில் இருபத்திரண்டு.

ஜூன் 6, சனி

வந்துவிட்டான். நேரே என் வீட்டுத் துறையில் படகைக் கொண்டுவந்து நிறுத்தினான். முன்னால் அந்தப் புதியவள், பெயர் ரோக்சான், வெள்ளைக் காலணி, பல் மருத்துவர் அலுவலகத்தில் வேலையாம். கண்ணில் நான் போடுகிற அதே மாதிரிக் கண்ணாடி. வாங்கிக் கொடுத்திருக்கிறான்.

"எந்தப் பக்கம் இருக்கு இந்த வருஷம்?" என்றான். எப்படி இருக்கிறாய் என்றுகூட இல்லை.

"கிழக்க. மதகுகிட்ட."

அங்கே வெறும் சேறு. ஒரு மீனும் குழி பறிக்காது. இரவு நன்றாகத் தூங்கினேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் தூங்கினேன்.

ஜூன் 9

திரும்ப வந்தான், தனியாக.

"மதகுகிட்ட ஒண்ணையும் காணோம்."

"அப்படியா? கழுகுக் கண்ணுன்னு ஊரெல்லாம் பேச்சாச்சே."

கிண்டல் அவனுக்குப் புரிந்தது. துறைப் பலகையில் உட்கார்ந்து குரலை இறக்கினான். "சனிக்கிழமை போட்டி. ஒரே ஒரு காலைப்பொழுது வந்து முன்னால நில்லு, ஆர்டிஸ். ரோக்சானுக்கு ஒரு எழவும் தெரியல."

"வர்றேன். ஆனா ஆர்வில் கடையில எல்லார் முன்னாடியும் நீ சொல்லணும். அந்தப் பதினோரு மீனையும் கண்டுபுடிச்சது ஆர்டிஸ்னு."

சிரித்தான். உண்மையிலேயே வேடிக்கையாக இருந்திருக்கிறது அவனுக்கு. "கை காட்டுனதுக்கெல்லாம் பலகையில பேரு போடுவாங்களா? கார்ல பக்கத்துல உக்காந்து வழி சொல்றவளுக்கு யாராச்சும் லைசென்ஸ் குடுக்குறாங்களா?"

போ என்றேன். போனான்.

என்ன பெரிதாகக் கேட்டுவிட்டேன்? வீடா, படகா? ஒரு வாக்கியம். இருபத்தேழு வருஷத்துக்கு ஒரே ஒரு வாக்கியம் - அதுகூட வாயில வரல அவனுக்கு.

சரி. என் பெயரை நானே ஏற்றிக்கொள்கிறேன்.

ஜூன் 11

காற்று. தண்ணீர் கலங்கிக் கிடக்கிறது. தட்டில் தொண்ணூறுக்கு நாற்பத்தொன்று.

ஜூன் 13, சனி

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பத்து மணிக்கு, சூரியன் மேலே ஏறியபின் போனேன். நிழல் பின்னால் விழுகிற மாதிரி படகைத் திருப்பி, குனிந்து உட்கார்ந்துகொண்டேன். வெளி ஓரத்துக் குழியில் காவலுக்கு அவன் இருந்தான், பெரிய ஆண் மீன். கிழவன். நெற்றி புடைத்து, உடம்பு என் கையைவிட அகலமாக. மூன்று முறை வீசித் தப்பியது. நான்காவது வீச்சு குழிக்கு ஓரடி தள்ளி விழுந்தது. மெல்ல இழுத்து உள்ளே விட்டேன்.

அவன் பசியில் கடிக்கவில்லை. முட்டைகள் மேல் விழுந்த குப்பையை வாயால் எடுத்து வெளியே போடப் போனான், அவ்வளவுதான். முள் மாட்டிக்கொண்டது.

பத்தேகால் அங்குலம்.

முள்ளைக் கழற்றும்போதே கீழே பார்த்தேன். குட்டி மீன்கள் பத்துப் பதினைந்து குழிக்குள் தலையை விட்டு முட்டைகளைத் தின்ன ஆரம்பித்துவிட்டன. அந்த நொடியே அவனைத் தண்ணீரில் விட்டிருந்தால் விரட்டி அடித்திருப்பான். இது எனக்குத் தெரியாதா? "விட்டுடு வெண்டெல், கீழ பாரு, திங்குதுங்க" என்று ஒவ்வொரு வருடமும் கத்தியவள் நான். "எனக்கு ஒண்ணும் தெரியலயே" என்பான் அவன். அவனுக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. தெரிந்துதான் வாளியில் போட்டேன்.

கடையில் இருபது பேர் இருந்தார்கள். ஆர்வில் அளவுப் பலகையில் மீனைக் கிடத்தி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இரண்டு தடவை அளந்தார். "முதலிடம்! ஆர்டிஸ் லுண்ட்!" எல்லோரும் கை தட்டினார்கள். நன்றாகத்தான் இருந்தது. எவ்வளவு நேரம்? ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம்.

ஆர்வில் மூலையைப் பார்த்துச் சொன்னார்: "பிரமாதமா கத்துக் குடுத்துருக்கீங்க வெண்டெல்!"

வெறுங்கையோடு வந்து நின்றிருந்த வெண்டெல் தோளைக் குலுக்கினான். "இருபத்தேழு வருஷம் கூடவே இருந்தா கல்லுக்குக்கூடக் கொஞ்சம் ஒட்டும்."

கடையே சிரித்தது. இரண்டு பேர் அவன் முதுகில் தட்டினார்கள். அவன் முதுகில்!

சொல்லியிருக்க வேண்டும். இந்த ஆளுக்கு மீன் கண்ணுக்கே தெரியாதுங்க, ஒரு நாளும் தெரிஞ்சதில்லங்கன்னு அங்கயே சொல்லியிருக்கணும். என் வாயிலிருந்து வந்தது, "நன்றி ஆர்வில்." ஏன்? ஏன் இப்படி இருக்கிறேன்?

ரோக்சான் மட்டும் சிரிக்கவில்லை. வெண்டெலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 14

போய்ப் பார்த்தேன். போயிருக்க வேண்டாம். முப்பத்தொன்பது குழியில் காவல் இருக்கிறது. ஓரத்துக் குழியில் தூசி படிந்து ஒன்றுமில்லை. பலகையில் என் பெயர் ஏறியது, அதிலும் பாதி அவன் பெயர். அதற்குக் கொடுத்த விலை இது. இதையும் வெண்டெல் தலையில் போட்டுவிடலாமென்று காலையிலிருந்து முயற்சி செய்கிறேன். முடியவில்லை.

மீன் இன்னும் குளிர்பெட்டியில் இருக்கிறது. பொரிக்க மனம் வரவில்லை.

ஜூன் 15

பொரித்துத் தின்றேன். வீணாக்குவது அதைவிடக் கேவலம்.

ஜூன் 17, புதன்

மதியம் ரோக்சான் கரைச் சாலையில் நடந்து வந்தாள். தோளில் பை, வெள்ளைக் காலணி முழுக்கச் சேறு. தண்ணீர் கேட்டாள். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"காலையில இருந்து முன்னால நிக்க வெச்சு குருடி, குருடின்னு திட்டுறாருங்க. போட்டிதான் முடிஞ்சுபோச்சே, இன்னும் என்ன வெறியோ. கடைசில நான் சொன்னேன், சரி, நீங்க வந்து நின்னு காட்டுங்க, நான் வீசறேன்னு." ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தம்ளரை வைத்தாள். "வந்து நின்னாரு. பத்து நிமிஷம் தண்ணியவே பாத்தாரு. ஒரு மீனக்கூடக் காட்டல. அப்புறம் படகத் திருப்பிட்டாரு. அந்தப் பதினோரு மீனும் நீங்க கண்டுபுடிச்சதுதானே?"

அந்த வாக்கியம். சொல்ல வேண்டியவன் சொல்லாமல், யாரோ ஒருத்தி, அதுவும் இவள், என் சமையலறையில் உட்கார்ந்து சொல்கிறாள். எனக்குச் சந்தோஷமா, எரிச்சலா, தெரியவில்லை.

"ஆமா" என்றேன். "பதினொண்ணும்."

நான் சுட்டு வைத்திருந்த ருபார்ப் பலகாரத்தில் இரண்டு துண்டு தின்றாள். நான்கு மணிப் பேருந்துக்கு வண்டியில் கொண்டுபோய் விட்டேன். மினியாபோலிஸில் அக்கா வீடு இருக்கிறதாம். வழியில் இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை.

ஆறு மணிக்குத் தொலைபேசி. வெண்டெல்.

"ரோக்சானக் காணோம். பைய எடுத்துட்டு எங்கயோ போயிட்டா. அந்தப் பக்கம் வந்தாளா?"

"வந்தா."

"எங்க இருக்கா இப்ப? எந்தப் பக்கம் போனா?"

வாயைத் திறந்துவிட்டேன். எந்தச் சாலை, எத்தனை மணி, எவ்வளவு தூரம் - எல்லாம் நாக்கு நுனிக்கு வந்து வரிசையாக நின்றது. அவன் கேட்டால் நான் சொல்வேன், அப்படியே ஊறிப்போன நாக்கு. கஷ்டப்பட்டு மூடிக்கொண்டேன்.

"ஆர்டிஸ்? இருக்கியா? எந்தப் பக்கம்?"

"நீயே பாரு, வெண்டெல்."

ஏதாவது சொல்வான் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன். நான்தான் முதலில் தொலைபேசியை வைத்தேன். காபி ஆறிப்போயிருந்தது. சூடு பண்ணிக் குடித்தேன்.