எலிக்குக் குறைந்த வீக்கம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நான் நலம், உன் அம்மாவும் நலம் என்று எழுதப் பேனா வரமாட்டேன் என்கிறது, நீயாவது அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும்.

போனில் பேசினால் அவள் காதில் விழும், அதனால்தான் கடிதம். எனக்கென்ன, ஊரில் கதவு இருக்கும்வரை கீல் மாட்டுகிறவனுக்குச் சோறு உண்டு. உருண்டைக் கைப்பிடியைத் திருக அம்மாவுக்கு விரல் மடங்கவில்லை என்று வீட்டுக் கதவுகளுக்கெல்லாம் அழுத்துகிற கைப்பிடி மாற்றினேன், குளியலறைக்கு மட்டும் தலைகீழாக மாட்டித் தொலைத்தேன், தொழில்காரன் லட்சணம். அதைப் பார்த்துச் சிரித்தாள், அவள் சிரித்தே நாளாயிற்று.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஆய்வுக்கூடத்தில் ஆர்க்கிட் செடியிலிருந்து பிரித்த ஏதோ ஒரு சத்து, அம்மாவுக்கு இருக்கிற இதே மூட்டுவாதம் வந்த எலியின் கால்வீக்கத்தைக் குறைத்தது என்று அனுப்பியிருந்தாயே, அதை நான்தான் கண்ணாடி போட்டுக்கொண்டு அவளுக்கு உரக்க வாசித்தேன். அன்றிலிருந்து ஆஸ்பத்திரி மாத்திரையை அவள் தொடவில்லை. அவளுடைய தையல் பட்டன் டப்பாவில் பிரிக்காத மாத்திரை அட்டைகளைப் பார்த்துவிட்டுக் கேட்டால், "எம்பொண்ணு மருந்து வர்றப்போ உடம்புல வேற மருந்து மிச்சம் இருக்கக் கூடாது, அப்புறம் பழைய மருந்துதான் கேட்டுச்சு, அவ மருந்து கேக்கலேன்னு நாலு பேர் சொல்லுவாங்க" என்கிறாள். உன் பெயர் கெடக் கூடாதென்று வலியைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

எலிக்குக் கேட்டது மனுஷனுக்குக் கேட்குமா தெரியாது, சோதனைக்கே வருஷக்கணக்கு ஆகும், வராமலே போனாலும் போகும் என்று நீ எனக்கு விளக்கினதை எல்லாம் சொல்லிப் பார்த்தேன். "கீல் மாட்டுறவருக்கு மருந்தைப் பத்தி என்ன தெரியும்" என்று ஒரே போடாகப் போட்டாள். நான் படித்த படிப்புக்கு அது நியாயம்தான். ஆஸ்பத்திரி டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாத்திரையை விட்டா விரல் கோணிக்கும், கோணினது அப்புறம் நிமிராது" என்றார். வலது கை மோதிர விரல் ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் தைக்க வந்த துணிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலையாக இருக்கிறது.

நீதான் அவளிடம் பேச வேண்டும். மருந்து இப்போதைக்கு வராது என்று உன் வாயால் சொல், சுற்றி வளைக்காதே, அழுதால் போனை வைத்துவிடாதே. நீ சொன்னால் அன்றைக்கே மாத்திரையை எடுப்பாள். அதற்கப்புறம் எதை நம்பிக் காலையில் எழுந்து கையை நீட்டி மடக்கிப் பார்ப்பாள் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

உன் உழைப்பு பலிக்கட்டும் அம்மா, என்றைக்காவது யார் வீட்டு விரலுக்காவது உதவட்டும். மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு. ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டு நான் தெருவில் நிற்பேன். பேசி முடித்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடு, உள்ளே போகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா