எட்டுப் பெயர், எட்டு முகம்

8.1.1996, திங்கள்
எச்.எம். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அறையைக் கொடுத்துவிட்டார். பிப்ரவரி 22, சாரணியர் சிந்தனை நாளன்று நம் பள்ளிச் சாரணியருக்கு அருங்காட்சியகம் திறக்க வேண்டுமாம். அட்டெண்டர் வேலன் பழைய டிரங்குப் பெட்டியை இறக்கினார். கொடி, விசில், பதிவேடு, 1966-ல் எடுத்த ஒரு படம். எட்டுப் பெண்கள். மூன்றாவதாகப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது நானேதான்!

10.1
பதிவேட்டில் எட்டுப் பெயர். என் பெயர் இல்லை. விரல் வைத்துக்கூடப் படித்துப் பார்த்தேன்.

11.1
ஆனால் நான் உறுதிமொழி சொன்னேனே. மூன்று விரலை உயர்த்திச் சொன்னேன். கோவையிலிருந்து வந்த கைடு கமிஷனர் அம்மா சாரணியர் முறைப்படி இடது கையால் கை குலுக்கினார். பெரியவர்களுக்கு இடக்கையையா நீட்டினாய் என்று அம்மாவிடம் வாங்கிய திட்டுகூட நினைவிருக்கிறது. வாங்கிய திட்டு பொய்யாகுமா? அந்த ஒரு நாளை நம்பித்தானே பதினோரு வருடமாக நம் சாரணியருக்குக் கைடு கேப்டனாக இருக்கிறேன்.

17.1
ஏழு பெயருக்கு ஏழு முகம் சரியாக இருக்கிறது. எட்டாவது பெயர் நாச்சியம்மாள். என் அப்பா வேலை செய்த தோட்டத்துக்காரர் மகள். படத்தில் அவள் இல்லை. அவள் இடத்தில் நான். இப்போது கோவை கணபதியில் இருக்கிறாளாம். கடிதம் போட்டிருக்கிறேன்.

28.1, ஞாயிறு
கணபதி போய் வந்தேன். பேருந்தில் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கினேன், அப்படி ஒரு குழப்பம்.

உறுதிமொழி நாளன்று நாச்சியம்மாளுக்கு அம்மை போட்டிருந்ததாம். கமிஷனர் வரும் நேரத்தில் அணியில் ஆள் குறையக் கூடாது என்று அப்போதைய கைடு டீச்சர் அவருடைய சீருடையை வாங்கி எனக்குப் போட்டு நிறுத்தியிருக்கிறார். உறுதிமொழி சொன்னது நான், பதிவானது அவர் பெயர். அப்படியென்றால் என்னை நாச்சியம்மாள் என்றா கூப்பிட்டார்கள்? அது ஏன் எனக்கு நினைவில்லை?

காட்சிக்கு வைக்கச் சொல்லி அந்தச் சீருடையின் பேட்ஜைக் கொடுத்தார். சீருடை என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது, டீச்சர் எனக்கே கொடுத்துவிட்டார் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"டீச்சர் குடுக்கலீங்க. நீங்க போட்ட துணிய எங்கம்மா திரும்ப வாங்க மாட்டேன்னுட்டாங்க. பேட்ஜை மட்டும் புளி போட்டுத் தேய்ச்சு ஊட்டுக்குள்ள எடுத்தாங்க. நானும் பார்த்துட்டுச் சும்மாதானுங்க இருந்தேன்."

காபி ஆறிப்போயிருந்தது. குடித்தேனா என்று தெரியவில்லை.

29.1
டீச்சர் உனக்கே குடுத்துட்டாங்க கண்ணு என்று சொன்ன அம்மாவுக்கு இது தெரிந்திருக்குமா?

3.2
பேட்ஜ் கறுத்திருக்கிறது, புளி போட்டுத் தேய்த்துவிடட்டுமா என்று வேலன் கேட்டார். வேண்டாம் என்று கத்திவிட்டேன். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

யார் கைடு? பதிவேடு சொல்கிற அவரா, வாய்விட்டுச் சொன்ன நானா? அவர் மேல் கோபம் வருகிறது. உண்மையைச் சொன்னவரும் அவர்தானே என்றும் தோன்றுகிறது. ஒன்றும் புரியல. போங்கடா, படத்தையே வைக்காம உட்டுடலாமா?

19.2
படத்தை வைத்துவிட்டேன். சீருடையும் பேட்ஜும் ஒரே கண்ணாடிப் பெட்டியில். அட்டையில் எழுதியது: "உறுதிமொழி சொன்னவர் அன்புச்செல்வி. பதிவானவர் நாச்சியம்மாள்." எச்.எம். ஏன் என்றார். நடந்தது அதுதான் என்றேன்.

22.2, வியாழன்
நாச்சியம்மாள் வந்தார். அட்டையை நின்று படித்தார். மேடையில் போட்டிருந்த நாற்காலிக்குப் போகவில்லை. உறுதிமொழி நேரத்தில் புதுப் பிள்ளைகளின் வரிசைக் கடைசியில் போய் நின்று, "நான் இன்னும் சொல்லலீங்க டீச்சர்" என்றார். நான் சொல்லச் சொல்ல, மூன்று விரலை உயர்த்தித் திருப்பிச் சொன்னார்.

கை குலுக்க வலக்கையை நீட்டினார். பிள்ளைகள் சிரித்ததும் இடக்கைக்கு மாற்றினார். பெட்டியிலிருந்து பேட்ஜை எடுத்து அவர் சேலையில் குத்தினேன். அவர் அதைக் கழற்றி என் சேலையில் குத்தினார். மன்னித்துவிட்டேனா? தெரியவில்லை.

சாயங்காலம் பேட்ஜைப் பெட்டியில் வைத்தேன். மேலெல்லாம் கைரேகை, நாளைக்காவது தேய்க்கட்டுமா என்று வேலன் பயந்துகொண்டே கேட்டார்.

இருக்கட்டும் என்றேன்.