இடக்கை முடிச்சு

ஜூன் 4
வேலைக்கு வந்தவனை இன்று திருப்பி அனுப்பிவிட்டேன். மூட்டை கட்ட ஆள் தேவை என்று கடை வாசலில் பலகை மாட்டியதும் நான்தான். நல்ல ஆள். சர்க்கரை மூட்டையை ஒரே தம்மில் தூக்கி அடுக்கினான். பிறகு நான் கட்டி வைத்திருந்த பருப்பு மூட்டையைப் பார்த்துச் சிரித்தான்.

“அண்ணே, இது இடக்கை முடிச்சாச்சே! ஆத்துக்கு அந்தப் பக்கம் எங்காளுங்கதான் இப்படிப் போடுவாங்க. நீங்க எந்தத் தெரு?”

“ஆள் வந்தாச்சுப்பா” என்றேன். பலகை அவன் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

நான் அக்கரைக்காரன் என்று இந்தக் கடைத்தெருவில் எவனுக்கும் தெரியாது. பேச்சை மாற்றினேன், நடையை மாற்றினேன். இந்தக் கை மட்டும் மாற மாட்டேன் என்கிறது.

ஜூன் 7
வலக்கை முடிச்சு போட்டுப் பழகினேன். மூட்டை அவிழ்ந்து பருப்பெல்லாம் தரையில்.

ஜூன் 9
கட்டடத்துக்காரர் வந்தார். கடை ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. மறுபடி கொடுப்பதும் கொடுக்காததும் அவர் இஷ்டம். இந்த இடம் போனால் என் வியாபாரமும் போச்சு.

“அக்கரை ஆளை அனுப்பிட்டீங்களாமே? நல்ல காரியம் முதலாளி. அவனுங்களுக்குக் கை நீளம்.”

நானும் சிரித்தேன். போன மாதம் இதே வாய்தான், “நம்பி சாவியைக் குடுக்கலாம்னா உங்ககிட்டதான்” என்றது.

மூட்டையைக் குத்திச் சரக்கைப் பார்க்காமல் பருப்புக்கு விலை சொல்பவனை மடையன் என்கிறோம். மனுஷனுக்கு மட்டும் சாக்கைப் பார்த்தே விலை. சரி, அவராவது தெரியாமல் சொல்கிறார். நான்? உள்ளே என்ன சரக்கு என்று தெரிந்தே தள்ளிவிட்டேனே.

ஜூன் 12
வேலைக்கு வந்தவனை நான் அனுப்பியதை என் பெண்டாட்டி அம்மாவிடம் உளறிவிட்டாள். அம்மா தட்டைத் தள்ளி வைத்தாள்.

“உங்கப்பனையும் இதே தெருவுலதான்டா ‘ஆள் வந்தாச்சு’ன்னு அனுப்பினாங்க. அன்னிக்குச் சொன்னவன் எவனோ. இன்னிக்குச் சொன்னது நான் பெத்தது.”

அம்மா இதுவரை கடையைப் பார்த்ததே இல்லை. வாயைத் திறந்தால் ஊர் தெரிந்துவிடும் என்று வீட்டோடு வைத்திருப்பவன் நான்.

ஜூன் 18
அம்மா கடைக்கு வந்தேவிட்டாள். கட்டடத்துக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்த நேரம். நேராகப் போய் அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“என்னம்மா, சரக்கு வாங்க வந்தியா?”

“வாங்க வரல. பெத்தவ.”

அதே அக்கரை இழுவை. கட்டடத்துக்காரர் அவளைப் பார்த்தார், அடுக்கி வைத்த மூட்டைகளைப் பார்த்தார் — வரிசையாக இடக்கை முடிச்சு. பாதி டீயோடு எழுந்து போனார்.

ஏம்மா இப்படிப் பண்ணே? கேட்க நினைத்தேன். எந்த வாயால் கேட்பது?

ஜூன் 21
தெருவில் எல்லாரும் வணக்கம் சொல்கிறார்கள். முன்பு அவர்கள் முதலில் சொல்வார்கள். இப்போது நான்.

ஜூன் 27
கட்டடத்துக்காரர் வீட்டுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். நிற்க வைத்தே பேசினார். “கை நீளம்னது உங்களைச் சொல்லல. நீங்க வேற மாதிரி.”

பேரம் பேசியே வளர்ந்தவன் நான். அவர் கேட்ட ஒன்றரை மடங்கு வாடகையை ஒன்றேகாலுக்கு இறக்கினேன்.

முடிந்தது: ஐந்து வருஷம், ஒன்றேகால் வாடகை. அக்கரை ஆளை வேலைக்கு வைக்கக் கூடாது. அம்மா கடைப் படி ஏறக் கூடாது. இந்த இரண்டுக்கும் நான் பேரம் பேசவில்லை.