தொண்ணூற்றொன்பது வருடத் தலையாட்டல்

சுண்ணாம்புக் கிணறு
ஏப்ரல் 6, 2009

அன்புள்ள நெவில் மாமாவுக்கு,

உங்கள் மருமகள், உங்கள் அக்கா மகள் நோரீன் எழுதுவது. அன்புள்ள என்று போட்டது பழக்கதோஷம், இன்றைக்கு எனக்கு அன்பெல்லாம் இல்லை. கடைப் போனில் பேசலாமென்றால் வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் நம் சண்டைக்கு நாட்டாமை பண்ண வந்துவிடுவார்கள். அதனால் கடை லாரி ஓட்டும் லெஸ்லியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வியாழக்கிழமை ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து அந்த அரசு அதிகாரியின் காரில் வந்தீர்களாமே. கண்ணாடியை இறக்கி மலையைக் காட்டினீர்களாம், சுனையைக் காட்டினீர்களாம். ஊரைத் தொண்ணூற்றொன்பது வருடத்துக்கு அரசிடம் குத்தகைக்கு விடலாம் என்று தலையையும் ஆட்டினீர்களாம். என் வீட்டைத் தாண்டித்தான் கார் போனது, நிற்கவில்லை. "ஒன் மாமா மகாராஜா மாதிரி கையாட்டிக்கிட்டுப் போறாரு, நீ என்னடான்னா ரொட்டி சுட்டுக்கிட்டு கெடக்க" என்று பக்கத்து வீட்டு வால்டா சிரிக்கிறாள்.

நிலம் உங்கள் அப்பா வழியில் வந்தது, யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த நிலத்துப் பெண்களுக்குப் பிறந்த பிள்ளைகள்தான் அதற்குக் காவல். நான் உடம்பில் செம்மண் பூசிவிடாமல் நீங்கள் சடங்கில் ஆட முடியாது. நான் கூட வராமல் சுனைப்பக்கம் போக முடியாது. நிலத்தைத் திருப்பிக் கேட்டு நீதிபதி முன்னால் மணலில் உட்கார்ந்தோமே, அன்றைக்கு "இது யார் இடம்?" என்று அவர் கேட்டதும் நீங்கள் முதலில் உங்கள் அத்தை மகன் முகத்தைத்தான் பார்த்தீர்கள். காவல்காரர் அவர். அவர் கண்ணைக் காட்டிய பிறகுதான் நீங்கள் வாயைத் திறந்தீர்கள். அப்படித்தான் இந்த நிலம் நம் நில அறக்கட்டளையின் பேருக்கு வந்தது. அவர் போய்விட்டார், இப்போது காவல் என்னிடம். என் முகம் உங்களுக்கு மறந்துபோயிற்றா மாமா?

கோபத்துடன்,
நோரீன்

*

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்
ஏப்ரல் 14, 2009

என் செல்ல மருமகளுக்கு,

உன் கடிதத்தை டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்து படித்தேன். நர்ஸ் வந்து, "என்ன தாத்தா, பிரஷர் இப்படி ஏறிக் கெடக்கு?" என்றாள். "எம் மருமக லெட்டர் போட்டிருக்கா" என்றேன்.

நீ சொன்னதெல்லாம் சரி. உன் வீட்டு வாசலில் காரை நிறுத்தியிருந்தால் உன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும், அதனால்தான் நிறுத்தவில்லை. குத்தகை கையெழுத்தானால் புது வீடுகள் வருமாம். கிளினிக்கில் ஒரு டயாலிசிஸ் மிஷினும் வைப்பார்களாம். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு வேறெதுவும் கேட்கவில்லை, நோரீன். தலை தானாக ஆடிவிட்டது.

திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ் ஊசி. மற்ற நாளெல்லாம் இந்த விடுதியில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். என்னோடு வந்தவர்களில் பாதிப் பேர் பெட்டியில்தான் ஊர் திரும்பினார்கள். எனக்கு உயிரோடு திரும்ப ஆசை. இது பேராசையா? உன் வீட்டைத்தான் பாரேன், பாய் விரிக்க இடமில்லாமல் பிள்ளைகள் முறை வைத்துத் தூங்குகிறார்கள்.

அடுத்த மாதம் ஏழாம் தேதி கையெழுத்துக் கூட்டம். நீ குறுக்கே நின்றால் காரியம் நடக்காது, அது எனக்குத் தெரியும். நிற்பதாக இருந்தால் என்னை இங்கேயே புதைக்கவும் ஏற்பாடு பண்ணிவிடு.

உன் மாமா,
நெவில்

*

சுண்ணாம்புக் கிணறு
ஏப்ரல் 20, 2009

மாமாவுக்கு,

கடைசி வரியைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க அழுதேன். அழுது முடித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்: குறுக்கே நிற்பேன்.

அந்த அதிகாரி இங்கே ஒரு கூட்டம் போட்டான். நில உரிமையாளர் பட்டியல் என்று சொல்லி, செத்துப்போன என் அம்மாவின் பேரை மைக்கில் வாசித்தான். நம் முறையில் இறந்தவர் பேரைச் சொல்லலாமா? எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போனோம். எதிர்ப்பு ஒன்றுமில்லை என்று எழுதிக்கொண்டானாம்.

நான் மட்டும் திரும்பி வந்து கேட்டேன். "குழாய் ஒடஞ்சா யார்கிட்ட சொல்லணும்?" "டார்வின் நகரத்துல இருக்கிற ஆபீசுக்கு எழுதணும்." "எந்த வீடு யாருக்குன்னு யார் முடிவு பண்ணுவாங்க?" "ஆபீஸ்." "கடையை யார் நடத்துறது?" "அதுவும் ஆபீஸ்தான்." "அப்ப நாங்க என்ன செய்யணும்?" என்றேன். "நீங்க நிம்மதியா இருக்கலாம்மா" என்கிறான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

வெள்ளைக்காரன் ஊரில் சிறுநீரகம் கெட்டவன் வீட்டு மனையை எழுதிக் கொடுத்துவிட்டா டயாலிசிஸ் பண்ணிக்கொள்கிறான்? நமக்கு மட்டும் ஏன் மருந்துக்கு விலை நிலமாக இருக்கிறது? குத்தகைதான் வேண்டுமென்றால் நம் ஊர்ச் சங்கமே எடுக்கட்டும். அறக்கட்டளையும் நாம், சங்கமும் நாம். வீடு எங்கே கட்டுவது, யாருக்குக் கொடுப்பது என்று நாமே உட்கார்ந்து அடித்துக்கொள்வோம். மிஷினைத் தனியாகக் கேட்போம். தரும்வரை கேட்போம்.

ஏழாம் தேதி காவல் வழிப் பிள்ளைகள் எல்லோரும் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காரப் போகிறோம். முறையை மீறி ஒரு தடவை உள்ளே வந்துவிட்டீர்கள். இந்தத் தடவை ஊர் கேட்டுக்கு வெளியே காத்திருங்கள். நான் வந்து அழைத்துப் போனால்தான் உள்ளே. வருவேனா என்று இப்போது சொல்ல முடியாது.

நோரீன்

*

சுண்ணாம்புக் கிணறு
ஏப்ரல் 30, 2009

மாமா,

இரண்டு தடவை லெஸ்லி வெறுங்கையோடு வந்துவிட்டான். "பெரியவர் செவத்தப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு" என்கிறான்.

கங்காரு வால் சுட்டு அனுப்பியிருக்கிறேன். கோபம் வேறு, சாப்பாடு வேறு. உப்புப் போடவில்லை, உங்களுக்கு ஆகாது.

நோரீன்

*

ஊர் கேட்டுக்கு வெளியே
மே 7, வியாழன்

என் காவல்காரிக்கு,

நான் வந்துவிட்டேன். கேட்டுக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறேன். இந்தப் பக்கம் வந்த லெஸ்லியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எழுதத் தாள் இல்லை. அதிகாரி கொடுத்த குத்தகைச் சுருக்கத்தின் பின்பக்கம் காலியாக இருந்தது. முன்பக்கத்தைப் படிக்காதே, உனக்கும் பிரஷர் ஏறும்.

வால் நன்றாக வெந்திருந்தது. சாப்பிட்டுவிட்டு உன் கடிதத்தை மறுபடி படித்தேன். எனக்கு நிலத்தைக் கொடுத்து மிஷின் வாங்க வேண்டாம். அது எப்போது வரும், வருவதற்குள் நான் இருப்பேனா, ஒன்றும் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லவில்லை. ஆனால் குழாய் உடைந்தால் டார்வினுக்குக் கடிதம் எழுதுகிற ஊரில் போய்ச் சாக எனக்கு இஷ்டமில்லை.

அதிகாரியின் காரில்தான் வந்தேன். நேராக உள்ளே விடப் பார்த்தான். "நிறுத்துப்பா" என்று இறங்கிக்கொண்டேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"சார், கூட்டத்துக்கு நேரமாச்சு. நீங்கதானே ஓனர்?"

"ஆமா. அதனாலதான் வெளிய உக்காந்திருக்கேன்."

"யாருக்காக சார் வெயிட் பண்றோம்?"

"எம் மருமகளுக்கு. அவ வந்து கூப்பிட்டாத்தான் நான் உள்ள போவேன். நான் போனாத்தான் நீ போவ. உக்காரு."

இப்போது அவனும் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறான். டை கட்டியிருக்கிறான், பாவம்.

செம்மண் எடுத்துக்கொண்டு வா. நீ பூசிவிடு, உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவனிடம் முடியாது என்று சொல்கிறேன். நாளைக்கு வெள்ளிக்கிழமை, ஊசி இருக்கிறது. இன்றைக்குச் சாயங்காலமே லெஸ்லியின் லாரியில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குத் திரும்பிவிடுவேன்.

மெதுவாகவே வா. ரொட்டி அடுப்பில் இருந்தால் சுட்டு முடித்துவிட்டு வா. எனக்கு அவசரமில்லை, அவன் காத்திருந்து பழகட்டும்.

உன் மாமா,
நெவில்