சோத்துக்கைப் பக்கம்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து சாரல். மேற்கே மலை இருப்பதே தெரியவில்லை. மூன்று நாள் துணி வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது, எல்லாவற்றிலும் ஈர வாடை. கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது.

இன்றைக்கு:
– பெங்களூர் ஆபீஸ் வேலை (பாதி)
– கேஸ் புக் பண்ண (மறந்தாச்சு)
– டயாலிசிஸ் சென்டர் ஜன்னல்

மூன்றாவதுதான் தலைவலி. தேனி அல்லிநகரத்து டிரஸ்ட் சென்டர். நான்கு மெஷின். யார் எந்தக் கிழமை, எந்த மெஷின் என்று கம்ப்யூட்டரில் காட்டும் பட்டியல். இரண்டு வருஷம் முன்னால் நான்தான் எழுதிக் கொடுத்தேன், தர்மத்துக்கு. அங்கிருந்த விண்டோஸ் கம்ப்யூட்டர் போன வாரம் இடியில் போய்விட்டது. யாரோ ஒரு புண்ணியவான் பழைய கம்ப்யூட்டர் ஒன்று கொடுத்திருக்கிறார், அதில் லினக்ஸ். "உங்க புரோகிராம் இதுல ஓடுமா தம்பி?" என்று மேனேஜர் போனில் கேட்டார். ஓடும் சார், அதுக்குத்தானே அப்படி எழுதுனது என்றேன். கொஞ்சம் திமிராகவே.

பொய்யும் இல்லை. திரையில் வரும் ஜன்னலை நான் வரைவதில்லை. பைத்தான் மொழியில் ஒரு வரி, டூல்கிட் என்கிற கருவித்தொகுப்பிடம் கேட்பது, அவ்வளவுதான். ஒரு ஜன்னல் கொடு, ஒரு பொத்தான் கொடு, ஆமா இல்லையா என்று கேட்க ஒரு பெட்டி கொடு. விண்டோஸ் தன்னிடம் உள்ள சாமானை எடுத்து வைக்கும், லினக்ஸ் தன்னுடையதை. டீ என்று ஒரே வார்த்தைதான் சொல்கிறோம், கம்பத்தில் ஒரு மாதிரி வருகிறது, குமுளியில் ஒரு மாதிரி. குடிக்கிறவனுக்கு அந்நியமாகத் தெரியக்கூடாது, அதுதான் இதில் உள்ள அழகு.

இந்தத் தடவை எல்லாவற்றையும் தமிழிலும் போட்டேன். பட்டியலைப் பார்த்துக்கொள்கிற பிலோமினா அக்கா எட்டாவது வரை படித்தவர். இரண்டு வருஷம் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டியது போதும்.

வீட்டுக்காரி நஸ்ரின் பள்ளிக்கூடத்திலிருந்து நனைந்து வந்தாள். பிள்ளைகளுக்குக் குடை பற்றிப் பாடம் எடுப்பாள், தான் எடுத்துப் போக மாட்டாள். சொன்னேன். முறைத்தாள்.

ஜூன் 10, செவ்வாய்

உத்தமபாளையத்திலிருந்து ஏழே முக்கால் பஸ். சின்னமனூர் வரை நின்றுகொண்டே. சென்டர் வாசலில் சேறு.

அந்த லினக்ஸ் கம்ப்யூட்டரில் போட்டேன். ஒரே தடவையில் ஜன்னல் வந்தது. உள்ளூர்க்காரன் மாதிரி வந்து உட்கார்ந்தது. எனக்கே பெருமை.

பார்த்தது:
– எழுத்து உடையவில்லை (ஸ்ரீ, ஷ கூட)
– பிரிண்டர் சரி
– கிழமை மாற்றினால் பட்டியல் மாறுகிறது
– புதுப் பெயர் சேர்க்க வருகிறது

போதும் என்று தோன்றியது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ராசு இருந்தார். கடமலைக்குண்டு, டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர், நாற்பது வயதுக்குள்தான். செவ்வாயும் வெள்ளியும் முறை. கூட மனைவி செல்வி, கையில் தூக்குவாளி. தமிழில் தன் பெயரைப் பார்த்துவிட்டு, "ஏத்தா, இங்கன பாரு, எம்பேரு வருது" என்று செல்வியைக் கூப்பிட்டார். செல்வி பார்த்துவிட்டு, "ஓட்டர் லிஸ்ட்ல கூட தப்பாத்தான் இருக்கும், இதுல சரியா இருக்கு" என்றார். எனக்கு அன்றைய கூலி அதுதான்.

பிலோமினா அக்கா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"பழைய மாதிரிதான தம்பி?"

"எல்லாம் பழைய மாதிரிதான்க்கா. தமிழ்ல வரும், அம்புட்டுத்தான்."

திரும்பும்போது பழைய கதை ஞாபகம் வந்தது. முதல் மாதம் அக்கா தினமும் போன் பண்ணுவார், பெட்டி வருது பெட்டி வருது என்று. யெஸ், நோ விளங்கவில்லை, இடது வலதிலும் குழப்பம். கடைசியில், "அக்கா, எந்தப் பெட்டி வந்து பயமா இருந்தாலும் சோத்துக்கைப் பக்கம் அமுக்குங்க. ஒண்ணும் ஆகாது" என்றேன். அதோடு போன் நின்றது. என் வாழ்க்கையில் நான் எழுதிய நல்ல டாக்குமென்டேஷன் அந்த ஒரு வரிதான் என்று நஸ்ரினிடம் சொன்னேன். சிரித்தாள்.

ஜூன் 11, புதன்

காற்று. தெருமுனை வேப்பமரத்தில் ஒரு கிளை முறிந்து வயர் மேல். மதியம் வரை கரண்ட் இல்லை. மீட்டிங் போச்சு, ஒருவரும் தேடவில்லை. கேஸ் புக் பண்ணினேன்.

ஜூன் 13, வெள்ளி

ஜும்மா முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது மேனேஜர்.

ராசு பெயர் இன்றைய பட்டியலில் இல்லையாம். இடம் காலி என்று காட்டியதால் காத்திருப்பில் இருந்த போடிக்காரர் ஒருவரைக் காலையிலேயே வரச்சொல்லி மெஷினில் போட்டுவிட்டார்கள். ராசு வந்து சேரும்போது நான்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த முறையும் நிறைந்துவிட்டது. நாளைக்கு முதல் ஆளாக வாங்க என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தேனியில் தங்க இடம் இல்லை, ஊருக்கே திரும்பிவிட்டார்களாம்.

"உங்க புதுசு ஏதும் மக்கர் பண்ணுதா தம்பி?"

சோற்றுத் தட்டை வைத்துவிட்டு, சென்டரிலிருந்து கம்ப்யூட்டர் பதிவேட்டை (லாக்) அனுப்பச்சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு அமுக்கலையும் எழுதிவைக்கும்படி நான்தான் செய்திருந்தேன். புதன் 11.40: நீக்கு, ராசு, வெள்ளி. கேட்டது: நிச்சயமாக நீக்கவா? பதில்: ஆம்.

"மென்பொருள்ல ஒண்ணும் இல்ல சார். லாக்ல தெளிவா இருக்கு. அவுகதான் அமுக்கியிருக்காக" என்றேன்.

சொல்லிவிட்டு வந்து மீதிச் சோற்றைச் சாப்பிட்டேன். நிம்மதியாக இருந்தது. அதை இங்கே எழுதிவைக்க வேண்டும், நிம்மதியாக இருந்தது.

ஜூன் 14, சனி

ராசுவுக்கு ராத்திரி மூச்சு முட்டிவிட்டதாம். விடியும்போது பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். நுரையீரலில் நீர். ஐசியூ.

பத்து மணிக்கு பி. அக்கா. அழுதுகொண்டே பேசியதால் பாதி விளங்கவில்லை. விளங்கியது:

"போன் நம்பர் பாக்கத்தேன் போனேன் தம்பி. கைதவறி நீக்குல பட்டுருச்சு. பெட்டி வந்துச்சு. பக்குன்னு ஆயிப்போச்சு. நீங்க சொன்னீகல்ல, அதே மாதிரி சோத்துக்கைப் பக்கந்தேன் அமுக்குனேன். பெட்டி போயிருச்சு. அப்பாடான்னு வேற சோலியப் பாத்தேன். மேனேஜர் சாரு நான் ஆமான்னு அமுக்குனேங்கிறாக. சத்தியமா இல்ல தம்பி. மாதா மேல சத்தியமா சோத்துக்கைப் பக்கந்தேன்."

பார்க்கிறேன் அக்கா என்று வைத்தேன். எரிச்சல்தான் வந்தது. லாக் பொய் சொல்லாது, மனுஷர்தான் சொல்வார்கள் என்கிற எரிச்சல்.

பிறகு என் மடிக்கணினியில் லினக்ஸைத் திறந்து அதே பட்டியல், அதே நீக்கு.

பெட்டி வந்தது. இடதுபக்கம் வேண்டாம். வலதுபக்கம் ஆம்.

விண்டோஸில் ஆம் இடதுபக்கம், வேண்டாம் வலதுபக்கம். திருப்பிப் போடுவது இந்த லினக்ஸின் வழக்கம். கோளாறு இல்லை. இது எனக்குத் தெரியும். பதினான்கு வருஷமாகத் தெரியும். அந்தந்த ஊர் வழக்கப்படி வரைந்து கொடுக்கிறது என்று திங்கட்கிழமை இதே நோட்டில் பெருமையாக எழுதிவைத்திருக்கிறேன்.

நீக்கிப் பார்க்கவில்லை நான். செவ்வாய்க்கிழமை 'பார்த்தது' என்று எழுதியதில் சேர்ப்பது இருக்கிறது, நீக்குவது இல்லை.

அரை மணி நேரம் அந்தப் பெட்டியை மூடவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

மழை விட்டுவிட்டது. வெயில் அடிக்கிறது, துணி காய்கிறது. ஒன்றும் பிடிக்கவில்லை.

எனக்கு நானே சொல்லிக்கொண்டவை:
– தமிழில் தெளிவாக எழுதியிருந்தது, படித்திருக்கலாம்
– நம்பர் பார்க்க நீக்குப் பக்கம் ஏன் போக வேண்டும்
– நீக்கும் நம்பரும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தது யார் (நான்)
– சும்மா செய்து கொடுத்த வேலை
– ராசு தேனியிலேயே இருந்திருந்தால்

யார் படிக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் எந்தப் பெட்டியையும் நானே முழுசாகப் படித்ததில்லை. கை போகிற இடத்துக்குப் போகும்.

நஸ்ரினிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் குழாயை மூடினாள்.

"அந்தக்கா உங்க பேச்சக் கேட்டு நடந்துருக்கு."

"ஆமா."

"மேனேஜர்ட்ட அந்தக்கா மேல சொன்னது நீங்க."

"ஆமா."

மறுபடி குழாயைத் திறந்தாள். திட்டியிருக்கலாம்.

சரிசெய்தேன். இனி விண்டோஸானாலும் லினக்ஸானாலும் ஒரே இடம், நானே வரைவது. ஆம், வேண்டாம் என்பதையும் எடுத்துவிட்டேன். ஒன்று "பெயரை நீக்கு", மற்றது "அப்படியே இருக்கட்டும்". பன்னிரண்டு நிமிஷ வேலை. செவ்வாய்க்கிழமை அடுத்த பஸ்ஸில் திரும்பியிருந்தால் போதும்.

சாயங்காலம் ஐந்தரை. ராசு போய்விட்டார். மேனேஜர் குறுஞ்செய்தி, மூன்று வார்த்தை.

ஜூன் 16, திங்கள்

சென்டர். பி. அக்கா நாற்காலி காலி. வேலைக்கு வரவேண்டாம் என்று சனிக்கிழமையே சொல்லிவிட்டார்களாம்.

மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு பெட்டியையும் படம் எடுத்துப் போயிருந்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"விடுங்க தம்பி. கெட்ட எண்ணத்துல செஞ்சீகளா? இத வெளிய சொன்னா கம்ப்யூட்டர் குடுத்தவுக, மெஷின் குடுத்தவுக எல்லாரும் கேள்வி கேப்பாக. லிஸ்ட்டே தப்பும்பாக. அந்தம்மா எப்படியும் ரெண்டு வருசத்துல நிக்கப்போறவுக."

ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், சரி சார் என்று சொல்ல வாய் வந்தது. இதையும் எழுதிவைக்கிறேன்.

புகார்ப் புத்தகத்தை வாங்கி எழுதினேன். 'பொத்தான்கள் இடம் மாறியதைச் சொல்லாதது என் தவறு. பழைய இடத்தைச் சொல்லிக் கொடுத்ததும் நான். பிலோமினா அவர்கள் நான் சொன்னபடியே செய்தார்.' கையெழுத்து, தேதி. மேனேஜர் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். அக்காவை வியாழக்கிழமை வரச்சொல்கிறேன் என்றார்.

கடமலைக்குண்டுக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை போனேன். அந்த வழியாகப் போகும் வருசநாடு பஸ் நின்றுகொண்டிருந்தது, ஏறவில்லை. செல்வியிடம் என்ன சொல்வது. டூல்கிட் என்றா.

ஜூன் 17, செவ்வாய்

அக்கா போனில். நேற்று ராசு அடக்கத்துக்குத் தனியாகப் போய்விட்டு வந்திருக்கிறார்.

"செல்வி ஒண்ணும் சொல்லல தம்பி. மெசினு பண்ணுனதுக்கு நீங்க என்னக்கா செய்வீகன்னுச்சு. காப்பித்தண்ணி குடுத்துச்சு."

மெஷின் பண்ணவில்லை அக்கா, நான்தான் என்றேன். மேனேஜர் சொன்னாகப்பா, போகட்டும் என்றார். நீங்க இல்லப்பா என்று சொல்லவில்லை. சொல்லுவார் என்று எதிர்பார்த்திருந்தேன் போல.

ஜூன் 19, வியாழன்

மறுபடி சாரல். ஏழே முக்கால் பஸ்.

புதுப் பெட்டியைப் போட்டுவிட்டு அக்கா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை நீக்கியும் காட்ட வேண்டும். நாளைக்கு வெள்ளி. பட்டியலை நான் பழைய நகலிலிருந்து திரும்பக் கட்டியபோது நீக்கிய பெயர்களும் வந்துவிட்டன, இரண்டாவது மெஷினில் ராசு. காத்திருப்பில் சின்னமனூர்க்காரர் ஒருவர், எடுத்தால்தான் அவருக்கு இடம்.

அக்கா கண்ணாடியைச் சரியாகப் போட்டுக்கொண்டார். நீக்கு. பெட்டி வந்தது. ஒவ்வொரு எழுத்தாக, சத்தமாகப் படித்தார். ராசு, வெள்ளி. பெயரை நீக்கு. அப்படியே இருக்கட்டும்.

பிறகு மவுஸை விட்டுவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"இப்ப எல்லாம் எழுதியே இருக்குக்கா. படிச்சுட்டு அமுக்குனாப் போதும்."

"படிச்சுட்டேன் தம்பி."

"அப்ப அமுக்குங்க."

என்னைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தப் பக்கம்னு நீங்களே சொல்லுங்க."