கண்ணாடித் தகடு 417-ஐச் சுரண்டிச் சோதிக்க அனுமதி வேண்டி

அனுப்புநர்:
ஸ்தானிஸ்லாவ் யுர்கேவிச் (வயது 55),
முன்னாள் ஆய்வகப் பணியாளர்,
கோமெல்.

பெறுநர்:
திசுக் காப்பக மேற்பார்வை அதிகாரி அவர்கள்,
மாகாண சுகாதாரத் துறை,
கோமெல்.

பொருள்: என் தங்கை தைசியாவின் தைராய்டு கட்டியில் மரபணு மாற்றம் 'காணப்படவில்லை' என்ற அறிக்கையை ரத்து செய்து, மிஞ்சியுள்ள ஒரே கண்ணாடித் தகட்டைச் சோதிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. 1986 வசந்தத்தில் தைசியாவுக்கு நான்கு வயது. நரோவ்லியா பக்கம் இருந்தோம். அணு உலை வெடித்ததை யாரும் எங்களுக்குச் சொல்லாத அந்த நாட்களில், கதிர்வீச்சு படிந்த புல்லை மேய்ந்த பக்கத்து வீட்டுப் பசுவின் பாலைத் தினமும் வாங்கிவந்து அவளைக் குடிக்கவைத்தவன் நான். 1992இல் அவளுடைய தைராய்டு சுரப்பியை அகற்றினார்கள்.

2. இப்போது நோய் இரு நுரையீரல்களிலும் பொடிப்பொடியாகப் பரவியிருக்கிறது. கதிரியக்க அயோடின் சிகிச்சை இனிப் பலிக்காது. ஊசி குத்திப் புதிதாகத் திசு எடுத்தால் தாங்கமாட்டாள் என்கிறார் மருத்துவர். ஒரே ஒரு மாத்திரை பாக்கி. கட்டியின் செல்களில் குறிப்பிட்ட மரபணு ஒன்று உடைந்து வேறொன்றோடு ஒட்டியிருப்பதாக நிரூபித்தால்தான் அதைத் தருவார்கள். எங்கள் பகுதிக் குழந்தைகளின் கட்டிகளில் அந்த உடைப்பு அதிகம் என்று பல நாட்டார் கட்டுரை எழுதினார்கள். எங்கள் திசுவை வைத்துத்தான் எழுதினார்கள்.

3. சென்ற மார்ச்சில், அவளுடைய திசுவைப் பதித்துவைத்த மெழுகுப் பாளம் சோதிக்கப்பட்டது. 'மாற்றம் காணப்படவில்லை.' மாத்திரை மறுக்கப்பட்டது. அறிக்கையில் பாள எண் 417 என்று இருந்தது. அதை வெட்டியவன் நான். பாளத்தின் மேல் எண் மட்டுமே இருக்கும், பெயர் இருக்காது; அது தைசியாவுடையது என்று அன்று எனக்குத் தெரியாது.

4. ஆராய்ச்சிக்காகப் பாளங்களை மெல்லிய சீவல்களாக வெட்டித்தரும் அந்த வேலையைப் பத்தொன்பது ஆண்டுகள் செய்தேன். வெளிநாட்டுக் குழு பத்துச் சீவல் கேட்கும். பாளத்தைக் கருவியில் மறுபடி பொருத்தி முகத்தைச் சமப்படுத்துவதற்குள் முப்பது சீவல் குப்பைக்குப் போகும். அடுத்த குழுவுக்கு மறுபடியும் அதே கதை. எல்லாருக்கும் ஒரே நாளில் வெட்டிவைக்கலாம் என்று மூன்று முறை எழுதிக்கொடுத்தேன். அன்றைய பிரிவுத் தலைவர் எல்லார் முன்னிலையிலும் கேட்டது இது: "ஏம்ப்பா யுர்கேவிச், மெழுகுதானே? என்னமோ உன் தங்கச்சி தோலை உரிக்கிற மாதிரி கத்துறே!" மறு ஆண்டு என்னை வெளியே அனுப்பினார்கள். அவருக்குப் பதக்கம் கிடைத்தது.

5. ஆய்வகப் பதிவேட்டில், 2011 அக்டோபர், 417-க்கு நேரே என் கையெழுத்தில் இருக்கிறது: 'கட்டிப் பகுதி வெட்டித் தீர்ந்தது. ஓரத்து நல்ல திசு மட்டும் மிச்சம்.' மார்ச்சில் சோதித்தவர் அதைப் படிக்கவில்லை. நல்ல திசுவைச் சோதித்துவிட்டு, கட்டியில் மாற்றம் இல்லை என்று எழுதிவிட்டார்.

6. அறுவை நடந்த அன்று நோயை உறுதிசெய்யத் தயாரித்த, அதே 417 எண்ணுள்ள கண்ணாடித் தகடு ஒன்று காப்பகத்தில் இருக்கிறது. அதில் கட்டி இருக்கிறது. சுரண்டினால் சோதனைக்குப் போதும். மின்ஸ்கில் செய்துதர ஒருவர் சம்மதித்திருக்கிறார். ஆனால் கடைசித் தகட்டை அழிக்கக் கூடாதாம், நோயாளியின் நலன் கருதி. பிறகு, நோயாளியே நேரில் வந்து கையெழுத்திட வேண்டும் என்றார்கள். ஆக்சிஜன் உருளையோடு மூன்று மாடி ஏறினாள். "இன்னிக்குத் துப்புரவு நாளும்மா, யாரையும் பார்க்க மாட்டாங்க. நாளைக்கு வாங்க," என்றார் எழுத்தர். படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபடி தைசியா சொன்னாள்: "அண்ணே, என் கழுத்து ஜப்பான் வரைக்கும் போயிட்டு வந்துடுச்சு. என்னால மூணாவது மாடியைத் தாண்ட முடியல பாரு."

7. ஆகவே, தகட்டைச் சுரண்ட இந்த வாரமே உத்தரவிட வேண்டுகிறேன். பதில் அளிக்க உங்களுக்கு முப்பது நாள் அவகாசம் உண்டு. மருத்துவர் அவளுக்கு அவ்வளவு நாள் சொல்லவில்லை. உத்தரவு வராது என்றே நினைக்கிறேன். வராவிட்டால், அவள் கோப்பை மூடும் முன் ஒன்றாவது செய்யுங்கள். 'காணப்படவில்லை' என்பதை அடித்துவிட்டு, 'வெட்டித் தீர்த்துவிட்டோம்' என்று எழுதுங்கள். வெட்டியவர் பெயர் என்ற இடத்தில் என் பெயரைப் போடலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை.

இடம்: கோமெல்
நாள்: 14.11.2023

இப்படிக்கு,
ஸ்தா. யுர்கேவிச்
(நோயாளியின் அண்ணன்)